மண் தாங்கும், நீர் தாங்காது: வெடிப்பிலிருந்து உயிர் காக்கும் அறிவியல்

1941 டிசம்பர் 11, வியாழக்கிழமை. ஜார்ஜ்டவுன் வானில் விமானங்களின் இரைச்சல் கேட்டது. கடைவீதிகளில் இருந்தவர்கள் ஓடி ஒளியவில்லை. அஞ்சடியில் நின்றவர்கள் தெருவுக்கே இறங்கி அண்ணாந்து பார்த்தார்கள். அத்தனை விமானங்கள் ஒன்றாகப் பறப்பதை அதற்கு முன் அவர்கள் கண்டதில்லை. அவை ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் என்பது முதல் குண்டுகள் விழுந்த பிறகுதான் பலருக்குப் புரிந்தது. அன்றும் அடுத்த சில நாட்களிலும் பினாங்கில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர் அல்லது காயமடைந்தனர்.

அந்த மக்கள் அறிவில்லாதவர்கள் அல்லர். வெடிப்பு என்றால் என்ன, அது எப்படிக் கொல்கிறது, எங்கே ஒதுங்கினால் தப்பலாம் என்று அவர்களுக்கு யாரும் போதிய அளவு சொல்லித் தரவில்லை. ஒரு சாலையோரச் சாக்கடைக்குள் படுத்திருந்தால்கூடப் பிழைத்திருக்கக் கூடியவர்கள் அவர்களில் பலர் இருந்திருப்பார்கள். சாக்கடைக்கு அப்படி என்ன சக்தி? அதற்கு விடை உங்கள் இயற்பியல் பாடநூலிலேயே இருக்கிறது.

காற்று சுவராக மாறும்போது

வெடிமருந்து வெடிக்கும்போது திடப்பொருள் ஒரு நொடியின் மிகச் சிறிய பகுதிக்குள் சூடான வாயுவாக மாறுகிறது. அந்த வாயு விரிவடைய இடம் தேடிச் சுற்றியுள்ள காற்றை நெருக்கித் தள்ளுகிறது. நெருக்குண்ட காற்று ஒரு மெல்லிய சுவர்போல ஒலியைவிட வேகமாகப் பாய்கிறது. இதுதான் அதிர்ச்சி அலை. அது ஓரிடத்தைக் கடக்கும்போது அங்கே காற்றழுத்தம் திடீரென உயர்ந்து, சில மில்லிநொடிகளில் வீழ்ந்து, வழக்கமான அளவைவிடவும் சற்றுக் கீழே போய்த் திரும்புகிறது. முதலில் ஒரு தள்ளல், பிறகு ஓர் இழுப்பு. அதனால்தான் சில கண்ணாடிகள் வீட்டுக்குள் சிதறுகின்றன, சில தெருவில் விழுகின்றன.

இயல்பான காற்றழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். இதற்கு மேல் வெறும் 7 கிலோபாஸ்கல் கூடினாலே சாதாரண ஜன்னல் கண்ணாடிகள் தாங்காது. அதே அழுத்தம் 0.9 மீட்டர் அகலமும் 2.1 மீட்டர் உயரமும் உள்ள ஒரு கதவின் மீது பட்டால் என்ன ஆகும்? விசை என்பது அழுத்தம் பெருக்கல் பரப்பு. 7,000 பாஸ்கலை 1.89 சதுர மீட்டரால் பெருக்கினால் 13,230 நியூட்டன். ஒரு மைவி காரைவிடக் கனமான பொருளைக் கதவின் மேல் சாய்த்துவிட்டதற்குச் சமம். கீல் பெயர்ந்து கதவே பறப்பதில் வியப்பில்லை.

மனித உடல் இந்த அழுத்தத்தைக் கதவைவிட நன்றாகவே தாங்கும். செவிப்பறை கிழிய ஏறத்தாழ 35 கிலோபாஸ்கல் மிகையழுத்தம் வேண்டும். நுரையீரல் சேதமடைய அதையும் விடப் பல மடங்கு வேண்டும். ஆகவே வெடிப்பு நிகழ்ந்த இடத்துக்கு மிக அருகில் இல்லாதவர்களை அழுத்தம் நேரடியாகக் கொல்வது குறைவு. பறந்து வரும் இரும்புச் சில்லுகள், உடைந்த கண்ணாடி, இடிந்து விழும் சுவர், தீ ஆகியவையே பெரும்பாலோரைப் பலிகொள்கின்றன. சில்லுகள் நேர்கோட்டில் பறப்பவை. தரைமட்டத்துக்குக் கீழே படுத்திருப்பவனை அவற்றால் எளிதில் தொட முடியாது. சாக்கடையின் சக்தி அதுதான்.

தூரமே முதல் கவசம்

வெடிமருந்தின் அளவு கூடினால் ஆபத்து எவ்வளவு கூடும்? முதல் உலகப் போர்க் காலத்தில், 1915ஆம் ஆண்டு, பிரிட்டிஷ் அறிஞர் பெர்ட்ரம் ஹாப்கின்சன் இதற்கு ஒரு விதியைக் கண்டறிந்தார். பின்னர் ஜெர்மனியின் கார்ல் கிரான்ஸ் என்பவரும் அதே முடிவுக்கு வந்தார். வெடிமருந்து 8 மடங்கானால், அதே அழுத்தம் எட்டும் தூரம் 2 மடங்குதான் ஆகிறது. 27 மடங்கானால் 3 மடங்கு. தூரம் வெடிமருந்தின் கன மூலத்தைப் பின்பற்றுகிறது. அலை எல்லாத் திசைகளிலும் கோளமாக விரிகிறது. கோளத்தின் கன அளவு ஆரத்தின் மும்மடியைச் சார்ந்தது என்பதை நீங்கள் கணிதத்தில் படித்திருப்பீர்கள்.

இந்த விதி நமக்கு ஒரு நல்ல செய்தியும் சொல்கிறது. வெடிப்பிலிருந்து இரு மடங்கு தூரம் விலகினால் அழுத்தம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். வெடிமருந்துக் கிடங்குகளைச் சுற்றி வெற்று நிலம் விடப்படுவது இதனால்தான்.

ஆனால் ஜார்ஜ்டவுன் போன்ற பழைய நகரத்தில் அலை தாராளமாக விரிய முடியாது. இருபுறமும் கடைவீடுகள் நெருங்கி நிற்கும் குறுகிய தெருவில் அது சுவரில் மோதித் திரும்புகிறது. சுவரில் நேராக மோதும் அலையின் அழுத்தம் குறைந்தது இரு மடங்காகிறது. வலிமையான அலையானால் இன்னும் பல மடங்காகும். திறந்த வெளியைவிடத் தெருச்சந்து ஆபத்தாவது இப்படித்தான்.

வெளிச்சம் முந்தும், அலை பிந்தும்

2013 பிப்ரவரி 15 காலையில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே ஒரு விண்கல் வெடித்தது. கண்ணைக் கூசும் ஒளியைப் பார்த்த மக்கள் என்னவென்று காண ஜன்னல்களுக்கு ஓடினார்கள். ஒரு நிமிடத்துக்கும் மேல் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு அலை வந்தது. ஏறத்தாழ 1,500 பேர் மருத்துவ உதவி நாடினர். பெரும்பாலோரைக் காயப்படுத்தியது கண்ணாடி. 1917 டிசம்பர் 6 அன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பலொன்று தீப்பற்றி எரிந்தபோதும், 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகக் கிடங்கு எரிந்தபோதும் இதுவே நடந்தது. வேடிக்கை பார்த்தவர்களை வெடிப்பு ஜன்னலோரத்தில் பிடித்தது. ஹாலிஃபாக்ஸில் கண்ணிழந்தவர்கள் ஏராளம்.

ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 நொடி ஆகும். தூரத்து அலையும் கிட்டத்தட்ட அதே வேகத்தில்தான் வரும். அந்தச் சில நொடிகள் உங்களுக்குக் கிடைத்த அவகாசம். பெரிய ஒளியோ தீப்பிழம்போ கண்டால் ஜன்னலை விட்டு விலகுங்கள். தரையில் குப்புறப் படுத்துத் தலையையும் கழுத்தையும் கைகளால் மூடிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் படம் பிடிக்கும் நேரம் அதுவல்ல.

மண் செய்யும் மூன்று வேலைகள்

இப்போது நிலத்துக்குக் கீழே போவோம். மண் மூன்று வழிகளில் காக்கிறது.

முதலாவது, அது சில்லுகளை நிறுத்துகிறது. மணல் மூட்டைக்குள் நுழையும் இரும்புத் துண்டு ஆயிரக்கணக்கான மணிகளை விலக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு உராய்விலும் அதன் இயக்க ஆற்றல் வெப்பமாகக் கரைகிறது. செங்கல் சுவர் உடைந்தால் அதுவே புதிய சில்லுகளாகும். மணல் மூட்டை கிழிந்தால் மணல் கொட்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, மண் அலையை விழுங்குகிறது. உலர்ந்த மண்ணில் மணிகளுக்கு இடையே காற்றிடைவெளிகள் உள்ளன. அலை வரும்போது அவை நசுங்கி ஆற்றலைத் தின்றுவிடுகின்றன.

மூன்றாவது வேலைதான் மிகவும் விந்தையானது. அதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கழிவறைத் தாள் சுற்றிய அட்டைக் குழாய் ஒன்றை எடுங்கள். அதன் ஒரு முனையை மெல்லிய டிஷ்யூ தாளால் மூடி ரப்பர் வளையம் போடுங்கள். உள்ளே எட்டு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூள் உப்போ உலர்ந்த மணலோ நிரப்புங்கள். மேலிருந்து தடித்த குச்சியால் அழுத்துங்கள். தாள் எளிதில் கிழியாது. வெறும் குழாயில் ஒரு விரல் பட்டாலே கிழியும் தாள் இது! மணிகள் ஒன்றையொன்று நெம்பிக்கொண்டு விசையைக் கீழே அனுப்பாமல் பக்கச் சுவர்களுக்குத் திருப்பிவிடுகின்றன. மண்ணுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத ஒரு வளைவு உருவாகிறது. மண்ணியல் பொறியியலின் தந்தை எனப்படும் கார்ல் டெர்சாகி, 1930களில் ஒரு பொறிக்கதவின் மேல் மணலைக் கொட்டி இந்த வளைவு விளைவை அளந்து காட்டினார்.

வளைவின் வலிமையை அதற்கு முன்பே கொத்தனார்கள் அறிந்திருந்தார்கள். ஜார்ஜ்டவுனில் உள்ள கார்ன்வாலிஸ் கோட்டைக்குள் சென்றவர்கள் அங்குள்ள பழைய வெடிமருந்து அறையைப் பார்த்திருக்கலாம். தடித்த சுவர்களுக்கு மேல் கூரை வளைவாகக் கட்டப்பட்டிருக்கும். 1804இல் தொடங்கி இந்தியக் கைதிகளின் உழைப்பால் செங்கல்லும் கல்லுமாகத் திருப்பிக் கட்டப்பட்ட கோட்டை அது. செங்கல் நசுக்குவதைத் தாங்கும், இழுப்பதைத் தாங்காது. மேலிருந்து வரும் அடியை வளைவு முழுவதும் நசுக்கு விசையாக மாற்றித் தரைக்கு அனுப்பிவிடுகிறது.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் மக்களுக்கு வழங்கிய ஆண்டர்சன் காப்பிடம் இந்த இரண்டு வளைவுகளையும் சேர்த்துக்கொண்டது. நெளிவுத் தகரத்தை வளைத்து, தோட்டத்தில் 1.2 மீட்டர் ஆழத்தில் பதித்து, மேலே குறைந்தது 38 சென்டிமீட்டர் மண்ணைப் போட்டார்கள். அடி விழுந்தால் தகரம் சற்று நெளியும். அந்த நெளிவால் மேலுள்ள மண் வளைவாக இறுகிச் சுமையைத் தானே ஏற்றுக்கொள்ளும். ஆறு பேர் ஒண்டக்கூடிய அந்தச் சிறு குடில்கள் 30 லட்சத்துக்கும் மேல் அமைக்கப்பட்டன.

இலங்கையில் நடந்த உள்நாட்டுப் போரில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் தமிழ்க் குடும்பங்கள் தங்கள் வளவுகளிலேயே பதுங்கு குழிகள் வெட்டின. கூரைக்குப் பனங்குற்றிகள், அதன் மேல் மண்மூட்டைகள். பல குழிகள் நேராக இல்லாமல் ‘ட’ எழுத்தைப் போல மடங்கியிருந்தன. வாசலில் எறிகணை விழுந்தாலும் நேர்கோட்டில் பறக்கும் சில்லு அந்த மடக்கைத் தாண்டி உள்ளே வராது. பொறியியல் கல்லூரி வாசலை மிதிக்காதவர்களும் அனுபவத்தால் கண்டறிந்த அறிவியல் அது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரவுகளை அந்தக் குழிகளுக்குள் கழித்தார்கள் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

கெப்பாலா பத்தாஸில் குழி வெட்டினால்?

நம் வட செபராங் பிறை நெல் விளையும் சமவெளி. இங்கே சற்றுத் தோண்டினாலே நீர் ஊறும். அதனால் ஒரு சிக்கல் வருகிறது.

அட்டைக் குழாய்ச் சோதனையை மீண்டும் நினைத்துப் பாருங்கள். உள்ளே உப்புக்குப் பதில் நீர் இருந்தால் என்ன ஆகும்? அடைபட்ட நீர் தன் மீது பட்ட அழுத்தத்தை எல்லாத் திசைகளிலும் குறையாமல் கடத்தும். இதுவே பாஸ்கல் விதி. நீரை எளிதில் அமுக்க முடியாது. விழுங்குவதற்குக் காற்றிடைவெளியும் இல்லை. தளர்ந்த உலர் மணலில் அலை நொடிக்குச் சில நூறு மீட்டர் வேகத்தில் தவழ்ந்து விரைவில் மெலிகிறது. நீர் நிறைந்த களிமண்ணில் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. நெடுந்தூரம் வரை வலிமையோடு போகிறது. ஆகவே உலர்ந்த மேட்டு மண்ணில் பாதுகாப்பாக இருக்கும் அதே கட்டடம், வயல்வெளி மண்ணில் கடுமையாக அடிபடும். சதுப்பு நிலத்தில் ஆழமாகத் தோண்டுவதைவிடத் தரைக்கு மேல் கட்டி மண்மேடு அணைப்பதே புத்திசாலித்தனம்.

நீரின் ஆபத்து அதோடு முடிவதில்லை. 1940 அக்டோபர் 14 இரவு லண்டனின் பாலம் நிலத்தடி ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கானோர் ஒதுங்கியிருந்தார்கள். மேலே சாலையில் விழுந்த குண்டு, நிலையத்தின் சுரங்கக் கூரையை உடைத்ததோடு நீர்க்குழாய்களையும் கழிவுநீர்க் குழாய்களையும் பிளந்தது. மண்ணும் நீரும் உள்ளே கொட்டின. 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நிலத்தடிக் காப்பிடத்தை வடிவமைப்பவர் குண்டை மட்டும் எண்ணிப் பார்த்தால் போதாது என்பதற்கு அந்த நிலையம் பாடம்.

சுரங்கத்துக்குள் வெடித்தால்

வெளியே திறந்த வெளியில் அலை கோளமாக விரிந்து மெலியும் என்று பார்த்தோம். சுரங்கத்துக்குள் அது விரிய வழியில்லை. குழாயில் போகும் நீரைப்போல முன்னும் பின்னும் மட்டுமே போகும். எனவே நெடுந்தூரம் வலிமை குன்றாது. வெளியே பாதுகாப்பான தூரம், உள்ளே பாதுகாப்பான தூரம் ஆகாது.

இதை வெல்லப் பொறியாளர்கள் சுரங்கத்தை வேண்டுமென்றே கோணலாக்குகிறார்கள். கூர்மையான திருப்பங்கள் அலையை மோதித் திரும்ப வைக்கின்றன. திடீரென அகலும் அறைகள் அதை விரிய வைத்து மெலிவிக்கின்றன. எதிரே முட்டுச்சந்துபோல விடப்பட்ட பொந்துகள் பறந்துவரும் கற்களைப் பிடித்துக்கொள்கின்றன. இறுதியில் கனத்த எஃகுக் கதவு. மூச்சுவிட வேண்டிய காற்றுத் துளைகளில்கூட, அழுத்தம் ஏறியதும் நொடியில் மூடிக்கொள்ளும் வால்வுகள்.

நம் தீவின் தெற்கே பத்து மவுங் குன்றில் பிரிட்டிஷார் 1930களில் கட்டிய கோட்டையில் நிலத்தடிச் சுரங்கங்களும் வெடிமருந்து அறைகளும் காற்றுப் போக்கிகளும் இன்றும் உள்ளன. இப்போது அது போர் அருங்காட்சியகம். எதிரி கடல்வழியே வருவான் என்று நம்பிக் கட்டப்பட்டது. ஜப்பானியரோ தரைவழியாகவும் வான்வழியாகவும் வந்தார்கள். காப்பிடம் எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும், எந்த ஆபத்துக்காக என்பதைத் தவறாகக் கணித்தால் பயன் குறைந்துவிடும்.

சிங்கப்பூர் வேறொரு காரணத்துக்காகப் பூமிக்குள் போனது. 2008இல் மண்டாய் பகுதியின் கருங்கல் பாறைக்குள் அது ஒரு வெடிமருந்துக் கிடங்கைத் திறந்தது. தரைக்கு மேல் கிடங்கு கட்டினால் சுற்றிலும் பெரும் நிலத்தை வெறுமையாக விட வேண்டும். பாறையே சுவராக இருப்பதால் ஏறத்தாழ 300 ஹெக்டேர் நிலம் மிச்சமானது. இங்கே பாறையின் வேலை வெளியிலிருந்து வரும் அடியைத் தடுப்பது மட்டுமன்று. உள்ளே விபத்து நேர்ந்தால் அதை வெளியே விடாமல் அடக்குவதும்தான்.

நெளிந்தால் பிழைக்கலாம்

தோட்டமோ குன்றோ இல்லாத அடுக்குமாடி வீட்டில் என்ன செய்வது? சிங்கப்பூரில் உறவினர் இருந்தால் அவர்கள் வீட்டில் தடித்த எஃகுக் கதவு போட்ட சிறு அறையைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதில் அரிசி மூட்டையும் பழைய சாமான்களும் வைத்திருப்பார்கள். அது வீட்டுக் காப்பறை. 1997இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 1998 முதல் அங்கே கட்டப்படும் புதிய வீடுகளில் அது கட்டாயம். அடுக்குமாடியில் இந்த அறைகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஒரு கோபுரம்போல அமைகின்றன. மற்றப் பகுதிகள் சேதமடைந்தாலும் கம்பி நெருங்கப் பின்னிய அந்தக் கான்கிரீட் கோபுரம் நிலைத்து நிற்க வேண்டும் என்பதே நோக்கம்.

கான்கிரீட் மட்டும் இருந்தால் அடிபட்டதும் நொறுங்கும். உள்ளே எஃகுக் கம்பி இருந்தால் வளைந்து, இழுபட்டு, ஆற்றலை உள்வாங்கிக்கொண்டு நிற்கும். இந்தத் தத்துவத்தை 1941இல் பிரிட்டனின் ஜான் பேக்கர் மிக எளிய பொருளில் காட்டினார். மோரிசன் காப்பிடம் எனப்பட்ட அது, பார்வைக்கு ஓர் எஃகு மேசை. பகலில் அதன் மேல் சாப்பிடலாம். இரவில் அதன் கீழ் உறங்கலாம். வீடு இடிந்து விழுந்தால் மேசை சில அங்குலம் அமுங்கும், ஆனால் முறியாது. உள்ளே படுத்திருப்பவர் தவழ்ந்து வெளியே வரலாம்.

கூட்டத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்

1943 மார்ச் 3 அன்று லண்டன் பெத்னல் கிரீன் நிலையத்துக்குள் மக்கள் விரைந்து இறங்கினர். மங்கலான வெளிச்சம், படிகளின் நடுவே பிடிமானக் கம்பி இல்லை. ஒருவர் தடுக்கி விழ, பின்னால் வந்தவர்கள் மேலே மேலே சரிந்தனர். 173 பேர் மூச்சுத் திணறி இறந்தனர். அன்று அங்கே ஒரு குண்டும் விழவில்லை. காப்பிடத்தின் சுவர் எவ்வளவு தடிமன் என்பதோடு, படியில் விளக்கும் கைப்பிடியும் உண்டா, வழி போதிய அகலமா, மக்களுக்குப் பயிற்சி உண்டா என்பதும் பாதுகாப்புக் கணக்கில் சேரும். பள்ளியில் நடக்கும் தீயணைப்புப் பயிற்சியில் விளையாட்டாக வரிசை கலைப்பவர்கள் இதை ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம்.

போர் இல்லாத நாளிலும் பூமிக்கடியில் ஆபத்து நேரலாம். 2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளின் மறுநாள் காலையில், சிலாங்கூர் புத்ரா ஹைட்ஸில் நிலத்தடி எரிவாயுக் குழாய் வெடித்துத் தீப்பிடித்தது. பிழம்பு 30 மீட்டருக்கும் மேல் எழுந்தது, அணைக்கப் பிற்பகலாயிற்று. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். பல குடும்பங்கள் வீடிழந்தன. உயிரிழப்பு இல்லை என்பது பெரும் ஆறுதல். குழாயைத் தாங்கியிருந்த மண் வலுவிழந்து போனதை விசாரணை முக்கியக் காரணமாகச் சுட்டிக்காட்டியது. மண் நம்மைக் காக்கும். ஆனால் அந்த மண்ணைக் கண்காணிப்பது நம் பொறுப்பு. நீர் தேங்குகிறதா, நிலம் இறங்குகிறதா, அருகே யாரேனும் தோண்டுகிறார்களா என்று பார்க்கும் பொறியாளர்கள் நாளைக்கும் தேவை. உங்களில் சிலர் அந்த வேலைக்குப் போகலாம்.

ஜார்ஜ்டவுனின் கதையில் ஒரு தமிழர் உண்டு. 1941 டிசம்பர் நடுவில் பிரிட்டிஷார் ஐரோப்பியர்களை மட்டும் இரவோடு இரவாக வெளியேற்றிவிட்டுத் தீவை விட்டுப் போனார்கள். ஜப்பானியருக்கு அது தெரியாது. மேலும் குண்டு வீசக்கூடும். அப்போது ‘ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ’ நாளிதழின் ஆசிரியராக இருந்த மாணிக்கசோதி சரவணமுத்து கார்ன்வாலிஸ் கோட்டைக்குச் சென்றார். பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி வெள்ளைக் கொடியை ஏற்றினார். பிரிட்டிஷார் போய்விட்டார்கள், இனிக் குண்டு போடத் தேவையில்லை என்று வானொலியில் அறிவித்தார். டிசம்பர் 19இல் ஜப்பானியர் தீவுக்குள் நுழைந்தனர். அடுத்து வந்த ஆண்டுகள் கொடுமையானவைதாம், சரவணமுத்துவும் சிறைபட்டார். ஆனாலும் அந்த நாளில், காப்பிடம் இல்லாத ஒரு நகரத்தின் மேல் மீண்டும் குண்டு விழாமல் தடுக்க ஒருவரால் முடிந்தது அதுதான். அதை அவர் செய்தார்.